மஞ்சள் வராத கண்கள்

மலேசியாவில், மூவார் ஊரில் வரிசை வீட்டுக் குடியிருப்பான அந்தத் தாமானுக்கு நாங்கள் குடிபோன அன்று, லாரியிலிருந்து மெத்தை இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தார். பெயர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. நேரே வந்து கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா. வெளுத்துக் கெடக்கு. எங்க வீட்டுப் பின்னால முருங்கை நிக்குது, வேணுங்கறத ஒடிச்சுக்க."

நான் திகைத்துப்போய், "சரிங்க ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டி வேணாம் லா. அக்கான்னு கூப்பிடு."

அப்போதே அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்காதான். அவருடைய சொந்தப் பெயரைச் சில வருடங்கள் கழித்து ஒரு கிளினிக்கில்தான் முதன்முதலாகக் கேட்டேன். கூப்பிட்டபோது நான் யாரோ என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அக்காவும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயர் அவ்வளவு உபயோகமில்லாமல் கிடந்தது. அதனால் இங்கேயும் அதை எழுதவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. இருமினால் காசநோய், தலை வலித்தால் கட்டி என்று கைத்தொலைபேசியைத் தட்டித் தட்டித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகம். "கூகுள் டாக்டரம்மா எந்திரிச்சாச்சா?" என்று என் வீட்டுக்காரர் காலையில் கேட்பார். இப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டில் அக்கா வாய்த்தது கடவுள் செயல் என்றுதான் முதல் இரண்டு வருடமும் நினைத்தேன். நான் எதையாவது சொல்லிப் பதறினால் போதும். வேலியோரம் நிற்கச் சொல்வார், இமையை இழுப்பார், நகத்தைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். "ஒண்ணும் இல்ல. போய்ச் சோத்தத் தின்னு" என்பார். நான் போய்ச் சாப்பிட்டுவிடுவேன்.

இந்தப் பார்வையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டிருக்கிறேன். அக்கா பிறந்து வளர்ந்தது லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில், அதாவது வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், உடம்புக்கு முடியவில்லை என்று யாராவது சொன்னால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து இமையை இழுத்துப் பார்ப்பாராம். கண் மஞ்சளாகவோ வெளுத்தோ இருந்தால் லீவு. இல்லாவிட்டால் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். "வாய் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது" என்பது அந்த டிரெஸ்ஸரின் வாக்கு. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ரப்பர் மரங்களை வெட்டித் தோட்டமும் எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. வாக்கு மட்டும் அக்காவிடம் தங்கிவிட்டது.

தாமானில் அக்காவின் பெயர் நிலைத்ததற்கு ஒரு சம்பவம் உண்டு. எங்களுக்குக் காஸ் கொண்டுவரும் சீனர் ஒருநாள் சிலிண்டர் தோம்பைத் தூக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரை வாசலில் வெயில் படும் இடத்துக்கு இழுத்து வந்து முகத்தை நிமிர்த்தினார். "மாத்தா கூனிங் லா! பெர்கி ஹாஸ்பிட்டல்!" என்று கத்தினார். கண் மஞ்சளாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நழுவப் பார்த்தார். அக்கா லாரிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சீனப் பெருநாளுக்கு அவர் இரண்டு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் தாமானில் யாருக்குக் கண்ணெரிச்சல் என்றாலும் முதலில் அக்கா வீட்டுக் கேட்டில்தான் நிற்பார்கள்.

கண்ணை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். "லைட்டுல பாத்தா எல்லாருக்கும் மஞ்சளாத்தான் தெரியும்" என்பார். தன் கண்ணையும் விட்டுவைக்க மாட்டார். வேலைக்குப் போகுமுன், முற்றத்தில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, இமையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்வார். இருபது வயதிலிருந்து அந்தப் பழக்கம் என்று சொல்வார்.

அவர் வேலை செய்தது ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளும் உடுப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, ரத்தம் பட்டது வேறு, சாதாரண அழுக்கு வேறு என்று ஒதுக்கிப் போடுவது அக்காவின் பிரிவு. விரிப்புக்குள் என்னென்னவோ வரும். பல் செட்டு வந்திருக்கிறது, மூக்குக் கண்ணாடி வந்திருக்கிறது. ஒருமுறை மணியடிக்கிற கைத்தொலைபேசியே வந்திருக்கிறது. அக்கா அதை எடுத்துப் பேசி, எதிர்முனையில் அழுதுகொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்கு ஆறுதலும் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் ஊசி வந்தது.

அன்று மாலை நான் வேலியோரம் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். அக்கா வேலை விட்டு வந்து கேட்டைத் திறந்தார். இடது கை நடுவிரலில் மஞ்சள் பூசியிருந்தது.

"என்னக்கா, காய் வெட்டுனீங்களா?"

"இல்லம்மா. பெட்ஷீட்டுக்குள்ள ஊசி இருந்திருக்கு. கையுறையத் தாண்டி நறுக்குன்னு எறங்கிடுச்சு. ரத்தத்தப் பிதுக்கி விட்டுட்டேன். சோப்பு போட்டுக் கழுவியாச்சு, மஞ்சளும் வச்சாச்சு."

"அலமாக்! சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? சொன்னா எந்த வார்டுன்னு தேடிப் போவாங்க. யாரோ ஒரு சின்ன நர்ஸ் மிஸ்ஸி வேல மும்முரத்துல மறந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு வேல போயிடும். பாவம்."

கறிவேப்பிலை பறித்த என் கை அப்படியே நின்றது. யாருடைய உடம்பில் குத்திய ஊசி, அவருக்கு என்ன நோய், எதுவும் தெரியாது. அன்று தூங்கவில்லை. ஊசி வழியாக என்னென்ன வரும் என்று தட்டிப் பார்த்தேன். ஹெப்பாடைட்டிஸ் சி என்று ஒன்று கண்ணில் பட்டது. கல்லீரலைத் தின்கிற கிருமி. ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் வரும். அறிகுறி தெரிவதானால் இரண்டு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியலாம். காய்ச்சல், அசதி, வாந்தி, கண் மஞ்சள். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் வராது, கிருமி மட்டும் பல வருடம் உள்ளேயே இருக்கும் என்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் காலையிலேயே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் பார்க்கலாம், நானே லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கம்பியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தன மாசம்னு சொன்ன?"

"ஆறு மாசம் வரைக்கும் ஆகலாம்க்கா. ஆனா நெறைய பேருக்குத் தெரியவே தெரியாதாம். அதான் ரத்தம் பாக்கணும்."

"ஆறு மாசம்தானே. பாத்துக்கலாம்."

நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்தது. மீதிப் பாதியை அவர் விழவிடவில்லை.

"எங்க பட்டறையில பளபளன்னு வார்னிஷ் அடிச்ச மேசைக்குள்ள புழு இருக்கும்க்கா. வெளிய ஒரு புள்ளிகூட தெரியாது" என்றேன். நான் வேலை செய்வது மேசை, நாற்காலி செய்யும் ஒரு தளவாடத் தொழிற்சாலையில்.

"மேசைக்குக் கண்ணு இருக்கா? எனக்கு இருக்கு லா" என்றார்.

அக்காவின் வைத்தியம் அன்றே தொடங்கியது. கால்வாய் ஓரத்தில் முளைத்திருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து அம்மியில் அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். மாமிசத்தை நிறுத்தினார். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினார். தாமான் கோடியில் இருக்கும் அம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்து வேண்டிக்கொண்டார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். வேலைக்குப் போகுமுன் நான் அவர் முற்றத்துக்குப் போய், வெயிலில் அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என் கண்ண நானே பாத்தா மனசு ஏமாத்தும்" என்றார். "நீதான் பயந்தாங்கொள்ளி. இல்லாததையும் பாப்ப. உனக்கே தெரியலன்னா உண்மையிலேயே இல்லன்னு அர்த்தம்."

அதைவிடக் கொடுமையான வேலை எனக்கு வாய்த்ததில்லை. வெள்ளை விழியில் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் கோடுகள்கூட எனக்கு மனப்பாடமாகிவிட்டன. மழைநாளில் வெயில் வராது. அன்று முழுக்கத் தொழிற்சாலையில் எனக்கு வேலை ஓடாது. ஒரு வெள்ளிக்கிழமை இழுத்துப் பார்த்தவள், "அக்கா! மஞ்சள்!" என்று அலறிவிட்டேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததேயில்லை. கடைசியில் பார்த்தால், தலைக்குக் குளித்துவிட்டு முகத்துக்குப் பூசிய மஞ்சள் சரியாகக் கழுவப்படாமல் கண்ணோரத்தில் ஒட்டியிருந்தது. சிரித்தோம். அக்கா சிரித்துக்கொண்டே என் தோளில் ஓர் அடி போட்டார். ஆனால் அந்தக் கை சில்லிட்டிருந்தது. அக்காவுக்கும் பயம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

மாதங்கள் ஓடின. கண் வெள்ளையாகவே இருந்தது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. அசதி உண்டுதான். ஆனால் அக்காவுக்கு அசதி எப்போதும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுருண்டு படுத்துவிடுவார். நின்றபடியே மூட்டை பிரிக்கிற வேலைக்கு அது வராமலிருந்தால்தான் அதிசயம் என்று நாங்கள் நினைத்தோம். ரத்தம் பார்க்கலாம் என்று நான் வாரம் தவறாமல் நச்சரித்தேன். "வீட்டுல பல்லி கத்துற மாதிரி கத்துறியே" என்பார்.

ஆறு மாதம் முடிந்ததும் அக்கா பால் பாயசம் காய்ச்சித் தாமான் முழுக்கக் கொடுத்தார். கீழாநெல்லி காப்பாற்றியது, அம்மன் காப்பாற்றினாள் என்று எல்லாருக்கும் சொன்னார். என் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, வேண்டுதல் என்னவென்று அப்போதுதான் சொன்னார்.

"மஞ்சள் வராம ஆறு மாசம் தாண்டுனா அம்மனுக்கு ரத்தம் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழம கோயில் மண்டபத்துல ரத்த தானம் வக்கிறாங்க. நீயும் வா."

பாயசக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். இவருடைய ரத்தம் இன்னொருவருக்குப் போனால்? அங்கே சோதிக்காமல் யாருக்கும் ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. அக்காவுக்கு நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. ஆறு மாதம் நோன்பிருந்தவரிடம் உங்கள் ரத்தத்தில் எனக்குச் சந்தேகம் என்று எப்படிச் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னாலேயே போனேன். மேசைக்குப் போனதும் மிஸ்ஸியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்கு அவசியமே வரவில்லை. மேசையில் இருந்தது ஒரு தமிழ் மிஸ்ஸி. வரிசையாகக் கேள்வி கேட்டார். பச்சை குத்தியிருக்கிறீர்களா, ஆபரேஷன் நடந்ததா, ஊசி ஏதும் தவறிக் குத்தியிருக்கிறதா? அக்கா எதையும் மறைக்கவில்லை.

"குத்துச்சு மிஸ்ஸி. ஆறு மாசம் தாண்டிடுச்சு. ஒண்ணும் வரல. இந்தா, இந்தப் பிள்ளதான் தெனமும் கண்ணு பாத்துச்சு."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"ரத்தம் டெஸ்ட் பண்ணலியா ஆன்ட்டி?"

"இல்ல."

"உங்களுக்கு எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

அக்காவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏத்தியிருக்காங்க. தல பிரசவத்துல. பிள்ள தங்கல, எனக்கும் ரத்தம் நிக்கல. தோட்டத்துல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள கண்ணு இருட்டிடுச்சு. யாரோ ஒரு புண்ணியவான் ரத்தம் குடுத்திருக்காரு. அந்த ரத்தத்துலதான் நான் எந்திரிச்சேன், அப்புறம் என் பையனப் பெத்தேன். அதத் திருப்பிக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச மிஸ்ஸி."

அந்தக் குழந்தையைப் பற்றி அதுவரை அக்கா என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனைத்தான் எனக்குத் தெரியும்.

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "இன்னைக்கு வேணாம் ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னார். "முதல்ல கிளினிக்ல போயி ரத்தம் பாருங்க. ஃப்ரீதான். விரல்ல ஒரு சொட்டு எடுப்பாங்க."

அக்கா எழுந்து சந்நிதிப் பக்கம் பார்த்தார். "அம்மா வேணாம்னுட்டாளா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆனால் மறுநாள் காலை நான் போவதற்குமுன் அவரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக் கேட்டில் நின்றார்.

விரலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில், கிருமி வந்ததைக் காட்டும் கோடு அட்டையில் விழுந்தது. சில பேருக்குக் கிருமி தானாகவே போய்விடும், கோடு மட்டும் நிற்கும் என்று சொல்லிக் கையிலும் ரத்தம் எடுத்தார்கள். அதிலும் கிருமி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி கல்லீரலை ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் முடிந்து நாங்கள் உட்கார்ந்திருந்தது ஓர் இளம் பெண் டாக்டரின் அறையில். வீட்டில் தமிழ் பேசுகிற பெண், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்துவைத்தார்.

"ஆன்ட்டி, ஊசி குத்தி எட்டு மாசம் ஆகுது, சரியா?"

"ஆமா டாக்டர்."

"உங்க லிவர்ல வடு நெறைய இருக்கு. நல்லா இறுகிப் போயிருக்கு. எட்டு மாசத்துல இப்படி ஆகாது. இருபது, முப்பது வருஷம் உள்ள இருந்தாதான் இப்படி ஆகும். அந்த ஊசியில வந்தது மாதிரி தெரியல. அந்தக் காலத்துல உங்களுக்கு ஏத்துன ரத்தத்துல வந்திருக்கலாம். அப்ப இதுக்கு டெஸ்ட்டே கெடையாது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அக்கா டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தெனமும் கண்ணாடி பாத்தேனே டாக்டர்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். எனக்கு அழுகை அடக்கத் தெரியாது. இத்தனை மாதம் ஊசியையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். கிருமியோ அக்கா கண்ணாடியைக் கம்பியில் மாட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. காஸ்காரரின் லாரிச் சாவியைப் பிடுங்கிய அன்றும் இருந்திருக்கிறது. மதியத்தில் சுருண்டு படுத்தாரே, அப்போதும் இருந்திருக்கிறது. அதற்குமேல் என்னால் நினைக்க முடியவில்லை.

அக்கா அழவில்லை. அவர் மனத்தில் வேறு ஒன்று தட்டியிருந்தது.

"டாக்டர், ரத்தம் ஏத்துனதுக்கு அப்புறம்தான் என் பையன் பொறந்தான்."

டாக்டர் தலையசைத்தார். "அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போற சான்ஸ் கொஞ்சம்தான் ஆன்ட்டி. ஆனா பாத்துடலாம். வரச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வந்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் எதிரிக்கும் வேண்ட மாட்டேன். அக்கா மகனுக்குப் போன் போடுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார், வைத்துவிடுவார். மறுபடி போடுவார். "கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போய்யா" என்பதற்குமேல் வாய் எழவில்லை. நல்ல செய்தி ஏதாவது இருக்கும், அம்மா பெண் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பையன் புதுச்சட்டையில் வந்து இறங்கினான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இமையைத் தொடவில்லை. பிடித்தபடியே நின்றார்.

"என்னம்மா? ஏன் இப்படிப் பாக்குற?"

"நாளைக்கு என்கூட கிளினிக்குக்கு வா. உன் ரத்தம் பாக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். கடுகு தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுப்படி வாசலில் போய் நின்று, "எனக்கு என்ன வந்தாலும் நீ குடுத்தன்னு நெனைக்க மாட்டேன்ம்மா" என்றான். அக்கா திரும்பவில்லை. "சாதம் போடவா?" என்று கேட்டார்.

மறுநாள் கிளினிக்கில் அட்டையில் கோடு விழுகிறதா என்று காத்திருந்த நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்து எனக்கு வலித்தது. பையனுக்குக் கோடு விழவில்லை. ஒன்றும் இல்லை. மிஸ்ஸி சொன்னதும் அக்கா எழுந்து வெளியே போய், வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

தனக்கான சிகிச்சைக்கு அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். வெறும் மாத்திரைதான். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். கீழாநெல்லியையும் சேர்த்துக் குடிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சலவை வேலையை விட்டார். தாமானில் விஷயம் பரவியதும் சில பேர் அக்கா வீட்டுக் கேட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொட்டால் ஒட்டும் என்று நினைத்தார்கள் போலும். அவர்களைப் பற்றி எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன். காஸ்காரர் மட்டும் எப்போதும்போல் வந்து தோம்பை வைத்துவிட்டு, அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அக்கா மூவாரில் இல்லை. ஜோகூர் பாருவில் மகனோடு இருக்கிறார். கல்லீரலில் விழுந்த வடு விழுந்ததுதான், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போது அவரைவிட எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன் போட்டால், "பல்லி கத்த ஆரம்பிச்சிடுச்சு" என்பார். அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஆனால் அக்கா என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, மாத்திரை முடிந்து, மேலும் மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தின் முடிவைக் கேட்கப் போன அந்த நாள்தான். அதே இளம் டாக்டர், இந்த முறை சிரித்த முகம்.

"ஆன்ட்டி, கிருமி போயிடுச்சு. ரத்தத்துல இல்ல."

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அக்கா, "அப்ப இனி நான் ரத்தம் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

"முடியாது ஆன்ட்டி. இது ஒருதடவ வந்துட்டா, குணமானாலும் குடுக்க முடியாது. எப்பவுமே."

அக்கா தலையசைத்தார். அது அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டரும் அடுத்தவரைக் கூப்பிடக் கதவைப் பார்த்தார். அக்கா எழவில்லை.

"டாக்டர், எனக்கு ரத்தம் குடுத்தவரு..."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"அவருக்கும் அப்பவே இது இருந்திருக்கணும்ல. அவருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல. நல்லா இருக்கோம்னு நெனச்சுத்தானே வந்து குடுத்திருப்பாரு."

டாக்டர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"அவரக் கண்டுபிடிக்க முடியுமா? இப்ப மாத்திர இருக்குன்னு சொல்லணும்."

"அவ்வளவு பழைய ரெக்கார்டெல்லாம் இருக்காது ஆன்ட்டி."

"கொஞ்சம் தேடிப் பாருங்களேன். அவருக்கும் பிள்ளைங்க இருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "போலாம்க்கா" என்று தோளைத் தொட்டேன். வெளியே வரிசை காத்திருந்தது. அக்கா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கப்போகிறவர் மாதிரி, அப்படியே உட்கார்ந்திருந்தார்.